16 ஜிபி போட்டும் 300 எம்பிதான் காலி, பில்லிங் ஏன் நிற்கிறது?

மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையின் பில்லிங் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவு: நாலு கோர் உள்ள லினக்ஸ் பெட்டி, சாதாரண ஹார்ட் டிஸ்க், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ஆறு கவுண்டர். 8 ஜிபி ராமை 16 ஆக்கிய பிறகும் ஃப்ரீ கமாண்ட் 300 எம்பிதான் காலி என்கிறது. டாப் கமாண்டில் தெரியும் ப்ராசஸ்களின் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராம்களின்) மெமரியைக் கூட்டிப் பார்த்தால் 23 ஜிபி வருகிறது, பெட்டியில் இருப்பதோ 16. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு பில் வர அரை நிமிடம் ஆகிறது, லோடு 14 வரை ஏறுகிறது, ஆனால் சிபியு 70 சதவீதம் சும்மா இருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேஷைத் துடைக்கும் வரியைக் கிரானில் (குறித்த நேரத்தில் கமாண்டைத் தானாக ஓட்டும் வசதி) போட்டிருக்கிறீர்கள். மெமரி லீக்கா (ஏதாவது ப்ராசஸ் வாங்கிய மெமரியைத் திருப்பித் தராமல் சேர்த்துக்கொண்டே போகிறதா), இன்னும் ராம் வாங்க வேண்டுமா என்று கேட்டீர்கள்.

நான்கைந்து கேள்வி போலத் தெரிந்தாலும் கேட்டிருப்பது ஒன்றுதான்: மெமரி நிறைந்துபோவதால் பெட்டி நிற்கிறதா? ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்கிறேன், இல்லை. நீங்கள் கொடுத்த எண்களில் 300 எம்பி எதையும் சொல்லவில்லை, 14-ம் 70-ம் சேர்ந்து வருவதுதான் விஷயம். அதோடு அந்தக் கிரான் வரி உங்களுக்கு உதவவில்லை, கெடுக்கிறது. பதினேழு வருடமாக நாகர்கோவில், தக்கலை, குலசேகரம் பக்கம் கடை, ஆஸ்பத்திரி, ரப்பர் வியாபாரிகளின் ஆபீஸ் என்று சின்னச் சின்ன சர்வர்களைப் பார்க்கிறவன் நான். ராம், டிஸ்க், சிபியு எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுக்கும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எழுதுகிறவன் இல்லை. அதனால் கெர்னலின் வேலையை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன், உங்கள் பெட்டியில் என்ன நடக்கிறது என்பதை ஊகமாகவே சொல்ல முடியும்.

முதலில் அந்த 300 எம்பி. கெர்னல் ராமை 4 கேபி பக்கங்களாகத்தான் பார்க்கிறது. 16 ஜிபி என்றால் சுமார் 42 லட்சம் பக்கங்கள். இதில் ஒரு பக்கம் சும்மா கிடந்தால் அதனால் யாருக்கும் லாபமில்லை. அதனால் டிஸ்கிலிருந்து படிக்கிற எதையும், வேறு யாரும் அந்த இடத்தைக் கேட்காத வரை, கெர்னல் ராமிலேயே வைத்துக்கொள்ளும். நேற்று படித்த விலைப் பட்டியலை இன்றைக்கு ஒருவர் கேட்டால் டிஸ்குக்குப் போகாமல் கையிலிருந்தே கொடுத்துவிடலாம். இதைத்தான் பேஜ் கேஷ் என்கிறோம். வேறொரு ப்ராசஸ் இடம் கேட்டால், டிஸ்கில் உள்ளதோடு மாறாமல் இருக்கும் கேஷ் பக்கத்தை அந்த நிமிடமே தூக்கிப் போட்டுக் கொடுத்துவிடும், எழுதி வைக்கக்கூடத் தேவையில்லை. அதனால் ஓடிக் கொஞ்ச நாளான எந்த லினக்ஸ் பெட்டியிலும் ஃப்ரீ கமாண்ட் காட்டும் பட்டியலில் 'ஃப்ரீ' என்ற பத்தி (நெடுவரிசை) சின்னதாகத்தான் இருக்கும். நீங்கள் 64 ஜிபி போட்டாலும் சில நாளில் அங்கேயும் சொற்பம்தான் காட்டும்.

பார்க்க வேண்டியது அதே பட்டியலின் கடைசிப் பத்தி, 'அவெய்லபிள்'. ஸ்வாப்புக்கு (ராம் பத்தாதபோது பக்கங்களைத் தள்ளி வைக்கும் டிஸ்க் இடம்) போகாமல் புது வேலைக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்று கெர்னலே போடுகிற கணக்கு அது, 2014-ல் 3.14 கெர்னலில் வந்தது. அதற்கு முன்னால் நாங்களெல்லாம் ஃப்ரீயையும் கேஷையும் கூட்டிக்கொண்டிருந்தோம், அது கொஞ்சம் தப்பான கணக்கு. ஏன் தப்பு என்பது உங்கள் விஷயத்திலேயே இருக்கிறது: போஸ்ட்கிரெஸ் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் ஷேர்டு பஃபரும் அந்த கேஷ் பத்திக்குள்தான் போய் உட்காரும், ஆனால் அதை நினைத்த நேரத்தில் தூக்கிப் போட முடியாது. அவெய்லபிள் கணக்கில் அதைக் கழித்துவிட்டுத்தான் காட்டுகிறது. உங்கள் பெட்டியில் அது 4, 5 ஜிபிக்கு மேல் நிற்கிறது என்றால் ராம் பற்றிய கவலையை இன்றைக்கே விட்டுவிடலாம்.

23 ஜிபி புதிருக்கும் இதே ஷேர்டு பஃபர்தான் பதில். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனி ப்ராசஸை ஃபோர்க் செய்கிறது, அதாவது பிரித்து உருவாக்குகிறது. எல்லா ப்ராசஸும் ஒரே ஷேர்டு பஃபரைத்தான் தங்கள் முகவரி வெளியில் இணைத்து வைத்திருக்கின்றன. அது 4 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். ஒரு ப்ராசஸ் அதில் தொட்ட பக்கங்களெல்லாம் டாப்பில் அதன் 'ரெஸ்' (ராமில் இருக்கும் அளவு) கணக்கில் ஏறும். கவுண்டர் ஒவ்வொன்றும் நாள் முழுக்க ஓடி அந்த 4 ஜிபியில் 3 ஜிபியைத் தொட்டுவிட்டால் டாப்பில் ஆறு தடவை 3 ஜிபி தெரியும், ராமில் இருப்பதோ ஒரே பிரதி. ஒரு வீட்டில் ஆறு பேர், ஒரே கிணறு, ஆளுக்கொரு கிணறு என்று எழுதி ஆறு கிணறு என்று கூட்டியது போல. நியாயமான கணக்கு வேண்டுமென்றால் ஒவ்வொரு ப்ராசஸின் மெமரி விவரத்தையும் சொல்லும் ஸ்மாப்ஸ் ஃபைலில் 'பிஎஸ்எஸ்' என்று ஒரு எண் இருக்கிறது, பகிர்ந்த பக்கத்தை எத்தனை பேர் வைத்திருக்கிறார்களோ அத்தனையால் வகுத்துச் சொல்லும். 'விர்ட்' பத்தியைப் பற்றி எழுதவே வேண்டாம், அது ப்ராசஸ் கேட்டு வைத்திருக்கும் முகவரிகளின் அளவு மட்டும். மெமரி கேட்டதும் கெர்னல் ராமைக் கொடுப்பதில்லை, சரி என்று தலையை ஆட்டிவிட்டு, அந்தப் பக்கத்தை முதல் தடவை தொடும்போதுதான் உண்மையில் ஒதுக்குகிறது.

சரி, இனி அந்தக் கிரான் வரி. ட்ராப் கேஷஸ் ஃபைலில் 3 என்று எழுதினால் கெர்னல் சுத்தமான கேஷ் பக்கங்களையும், ஃபைல் பெயர், ஐநோடு (ஃபைலின் விவரக் குறிப்பு) போன்றவற்றுக்கான கேஷையும் தூக்கி எறிகிறது. டேட்டா ஒன்றும் அழியாது, அந்த மட்டில் நல்லது. ஆனால் ப்ராசஸ்களின் சொந்த மெமரியை அது தொடாது, ஷேர்டு பஃபரைத் தொடாது. லீக் இருந்தாலும் அதற்கு மருந்தில்லை. சோதனைக்கும் டீபக்குக்கும் வைத்த கருவி என்றுதான் கெர்னல் ஆவணத்திலேயே இருக்கிறது.

அதன் விலை என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி எடுக்கும், வேண்டிய இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாகப் பாதிச் சுற்று, அதாவது 4 மில்லி நொடிக்குக் கொஞ்சம் மேல். தலை நகர இன்னொரு 8 மில்லி நொடி வைத்தால் ஒரு இடத்தைப் படிக்க 12 மில்லி நொடி, நொடிக்குச் சுமார் 80 இடம். போஸ்ட்கிரெஸ் 8 கேபி பிளாக்குகளாகப் படிக்கிறது. 1 ஜிபி கேஷில் அப்படி 1,31,072 பிளாக் இருக்கும். அவற்றை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திரும்பப் படித்து நிரப்ப வேண்டுமென்றால் சுமார் 27 நிமிடம். நீங்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துடைக்கிறீர்கள்! உண்மையில் எல்லாம் அப்படிச் சிதறிக் கிடக்காது, வரிசையாக இருப்பதை டிஸ்க் நொடிக்கு 100 எம்பிக்கு மேலும் படித்துவிடும், கெர்னலும் முன்கூட்டியே சேர்த்துப் படித்து வைக்கும், அதனால் 27 நிமிடம் என்பது மோசமான எல்லை. ஆனால் பில்லிங் என்பது இந்தச் சேலை, அந்த வேட்டி என்று சிதறிய படிப்புதானே, அந்த மோசமான எல்லைக்கு அருகில்தான் நிற்கும்.

ராமிலிருந்து எடுப்பதற்கும் டிஸ்கிலிருந்து எடுப்பதற்கும் உள்ள தூரம் பலருக்கு மனதில் பதிவதில்லை. ராமுக்குச் சுமார் 100 நானோ நொடி, டிஸ்குக்கு 12 மில்லி நொடி, 1,20,000 மடங்கு. மேசையிலிருந்து ஒரு குண்டூசியை எடுக்க ஒரு நொடி என்று வைத்தால், டிஸ்கிலிருந்து எடுப்பது 33 மணி நேரம். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போய், பகலெல்லாம் கடை கடையாக ஏறி இறங்கி, ராத்திரி வண்டியில் ஊர் திரும்புவதற்கு ஏறக்குறைய அவ்வளவு ஆகும். ஒரு குண்டூசிக்கு.

இந்தக் காத்திருப்புதான் உங்கள் லோடு 14. லோடு ஆவரேஜ் என்றால் சிபியு எவ்வளவு வேலை செய்கிறது என்று நினைக்கிறார்கள். பல யூனிக்ஸ்களில் அது ஏறக்குறைய சரி, அங்கே ஓடுகிற ப்ராசஸையும் ஓடத் தயாராக வரிசையில் நிற்கிற ப்ராசஸையும் மட்டும் எண்ணுவார்கள். லினக்ஸில் 1993-ல் ஒரு மாற்றம் செய்தார்கள், டிஸ்குக்காகக் காத்திருந்து எழுப்ப முடியாத தூக்கத்தில் இருக்கும் ப்ராசஸ்களும் அந்த எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டன. பிஎஸ் கமாண்டில் 'டி' என்று தெரிவது இவர்கள்தான். 'ஆர்' ஓடுகிறவர், 'எஸ்' சும்மா தூங்குகிறவர், தட்டினால் எழுவார். 'டி' தட்டினாலும் எழ மாட்டார். டிஸ்க் ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து அவர் மெமரியில் வைக்கிற வழியில் இருக்கும்போது நடுவில் அவரை அழித்தால் கெர்னலுக்குள் பாதி முடிந்த வேலை அந்தரத்தில் நிற்கும், அதனால் வேலை முடிகிற வரை சிக்னலைப் பார்ப்பதே இல்லை. கில் மைனஸ் ஒன்பது (ப்ராசஸைக் கட்டாயமாக நிறுத்தும் கமாண்ட்) அடித்தும் சாகாத ப்ராசஸ் பலவும் இந்த ரகம். (பலரும் இதை ஸோம்பி என்பார்கள். ஸோம்பி வேறு, அது ஏற்கெனவே செத்தது, தாய் ப்ராசஸ் வந்து கணக்கை வாங்கிக்கொள்ளவில்லை என்று பெயர் மட்டும் பட்டியலில் நிற்கிறது.) நாலு கோர், லோடு 14, சிபியு 70 சதவீதம் சும்மா என்றால் அந்த 14-ல் பெரும்பாதி டி-யில் நிற்கிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை, வெட்கக்கேடாகத்தான் கற்றேன். வேலைக்கு வந்து ரெண்டு மூன்று வருடம் ஆன காலத்தில் நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் இதே கதை. ஓபி சீட்டு போட வரிசை வாசல் வரை நிற்கிறது, ஃப்ரீயில் ஒன்றுமில்லை, லோடு ஏறிக்கொண்டே போகிறது. ராம் பத்தவில்லை என்று அடித்துச் சொன்னேன், அவர்களும் வாங்கிப் போட்டார்கள். ரெண்டு நாள் நன்றாக ஓடிற்று, மூன்றாம் நாள் பழையபடி. அங்கே கேண்டீனில் தேயிலை போடுகிற அண்ணன்தான் கேட்டார், "தம்பி, அந்தப் பெட்டிக்குள்ள என்னமோ டிக்டிக்குன்னு அடிக்குதே, அது என்னது?" ஹார்ட் டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது. படிக்க முடியாத செக்டாரைத் திரும்பத் திரும்ப முயன்று ஒவ்வொரு முயற்சிக்கும் பல நொடி எடுத்துக்கொண்டிருந்தது, டிமெசேஜில் (கெர்னலின் செய்திப் பதிவு) பக்கம் பக்கமாக ஐஓ எரர், அதாவது டிஸ்கில் படிக்க, எழுத முடியவில்லை என்ற செய்தி கிடந்தது, நான் டாப்பையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கு ராமுக்குச் செலவு செய்த பணத்தை யாரும் என்னிடம் திருப்பிக் கேட்கவில்லை, ஆனால் அந்த மேனேஜர் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பில்லிங்குக்கு நைஸ் மதிப்பைக் குறைத்து (அது குறைந்தால் சிபியுவில் முன்னுரிமை கூடும்) முன்னால் தள்ளலாமா என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். செய்யலாம், பயனிருக்காது. ஏனென்று, சிபியுவை அடுத்து யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் வேலை செய்கிற விதத்தைப் பார்த்தால் தெரியும். 2007-ல் 2.6.23 கெர்னலில் இங்கோ மோல்னார் எழுதிச் சேர்த்த சிஎஃப்எஸ் என்ற ஷெட்யூலரின் அடிப்படை எளிது. ஒவ்வொரு ப்ராசஸும் இதுவரை எவ்வளவு சிபியு நேரம் அனுபவித்தது என்று ஒரு கணக்கு, அதில் குறைவாக அனுபவித்தவருக்கு அடுத்த முறை. நம் ஊர்ச் சானல் தண்ணீரை முறை வைத்து விடுகிற மாதிரி, யார் வயலுக்கு இதுவரை குறைவாகப் பாய்ந்ததோ அவர் மடை அடுத்துத் திறக்கும். நைஸ் என்பது அந்தக் கணக்கு ஓடுகிற வேகத்தை மாற்றுகிறது, ஒவ்வொரு படிக்கும் 1.25 மடங்கு. நைஸ் 0-ம் நைஸ் 5-ம் ஒரே கோருக்கு மோதினால் ஏறத்தாழ முக்காலும் காலுமாகப் பிரியும். 2023-ல் வந்த 6.6 கெர்னலிலிருந்து இந்த இடத்தில் இஇவிடிஎஃப் என்று வேறு முறை. அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கெடு வைத்து யாருக்கு முதலில் முடிய வேண்டும் என்றும் பார்க்கிறார்கள். நியாயப் பங்கு என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை. உங்களுக்கு எந்தக் கெர்னலாக இருந்தாலும் பதில் ஒன்றுதான்: டிஸ்குக்காகத் தூங்குகிறவர் இந்த வரிசையிலேயே இல்லை. மடைக்கு வராத ஆளுக்கு முறையை முன்னால் போட்டு என்ன செய்ய? டிஸ்க் பதில் தந்து அவர் எழுந்ததும், குறைவாக அனுபவித்தவர் என்பதால் எப்படியும் சீக்கிரமே இடம் கிடைத்துவிடும், அதுவும் 70 சதவீதம் சும்மா இருக்கிற சிபியுவில். டிஸ்க் வரிசைக்கென்று தனியாக ஐஓநைஸ் இருக்கிறது. ஆனால் அதை மதிப்பது உங்கள் டிஸ்குக்கு எந்த ஐஓ ஷெட்யூலர் என்பதைப் பொறுத்தது. பிஎஃப்க்யூ என்ற ஐஓ ஷெட்யூலரில் வேலை செய்யும். முன்பு எல்லாரும் நம்பிய சிஎஃப்க்யூவை 2019-ல் 5.0 கெர்னலிலேயே எடுத்துவிட்டார்கள்.

இதுவரை எழுதியதில் மெமரிக் கணக்கும் லோடு கணக்கும் சந்தேகமில்லாதவை. சந்தேகம் இனிமேல்தான்: ஆறு மணிக்கு டிஸ்கை யார் பிடித்துக்கொள்கிறார்கள்? எனக்கு மூன்று ஆள் மேல் சந்தேகம். ஒன்று, உங்கள் கிரான் வரியே, கூட்டம் கூடும் நேரத்தில் அதன் அடி அதிகம் தெரியும். ரெண்டு, பேக்கப். கடைகளில் பெரும்பாலும் சாயங்காலம் ஒரு டம்ப்பை (டேட்டாபேஸின் முழுப் பிரதி) போட்டு அதே டிஸ்கிலோ பென் டிரைவிலோ எழுதுகிறார்கள். எழுதுவது முதலில் ராமில்தான், டிஸ்கில் இன்னும் இறங்காத அழுக்குப் பக்கமாகச் சேரும், வழக்கமான அமைப்பில் மெமரியில் 10 சதவீதம் தாண்டினால் பின்னணியில் டிஸ்குக்குத் தள்ள ஆரம்பிக்கும், 20 சதவீதத்தைத் தொட்டால் எழுதுகிறவரையே நிறுத்திவைக்கும். மெதுவான பென் டிரைவ் ஒன்று இந்த எல்லையை நிரப்பி வைத்தால் சம்பந்தமே இல்லாத பில்லிங்கும் அதில் மாட்டலாம். மூன்று, டிஸ்க் சாகிறது.

எதென்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, நீங்கள் ரெண்டு சாயங்காலம் பார்த்தால் போதும். முதலில் கிரான் வரியை எடுத்துவிடுங்கள். பிறகு ஐந்தரையிலிருந்து விஎம்ஸ்டாட் கமாண்டை ஒரு நொடி இடைவெளியில் ஓட விடுங்கள், முதல் வரியைப் பார்க்காதீர்கள், அது பெட்டியைப் போட்ட நேரத்திலிருந்து உள்ள சராசரி. 'பி' பத்தி டி-யில் நிற்கிறவர்கள். 'எஸ்ஐ', 'எஸ்ஓ' ரெண்டும் ஸ்வாப்பிலிருந்து வருவதும் போவதும். பில் நிற்கிற நேரத்தில் பி ஏறி, எஸ்ஐயும் எஸ்ஓவும் பூஜ்யத்தை ஒட்டி நின்றால் டிஸ்க்தான் பிரச்சினை, ராம் இல்லை. அதற்கு மாறாக ரெண்டும் நூற்றுக்கணக்கில் தொடர்ந்து ஓடினால் நான் மேலே சொன்னது தப்பு, உங்களுக்கு உண்மையிலேயே ராம் பத்தவில்லை. அந்த நிலைக்கு த்ராஷிங் என்று பெயர், பீட்டர் டென்னிங் 1968-லேயே விளக்கி வைத்துவிட்டார்: எல்லாரும் அடிக்கடி தொடும் பக்கங்களின் மொத்தம் ராமைத் தாண்டிவிட்டால், ஒருவருக்கு இடம் கொடுக்க இன்னொருவருடையதைத் தூக்கி, அடுத்த கணம் அதையே திரும்பக் கொண்டுவந்து, வேலை நடக்காமல் போக்குவரத்து மட்டும் நடக்கும். ஸ்வாப்பில் ஏதோ 500 எம்பி கிடக்கிறது என்பது மட்டும் த்ராஷிங் இல்லை, என்றைக்கோ போனது தேவைப்படாமல் கிடக்கலாம். அதை நீங்கள் துடைக்கவோ ஸ்வாப்பையே அணைக்கவோ போக வேண்டாம்.

'டபிள்யூஏ' என்ற பத்தியை ரொம்ப நம்பாதீர்கள். சிபியு சும்மா இருந்து, அதே நேரம் டிஸ்க் வேலை பாக்கியும் இருந்த நேரத்தைத்தான் அது சொல்கிறது, வேறொரு ப்ராசஸ் சிபியுவை நிரப்பிவிட்டால் காத்திருப்பு அப்படியே இருக்க டபிள்யூஏ இறங்கிவிடும். கெர்னல் 4.20 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ப்ராக் கோப்புறையில் ப்ரெஷர் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஐஓ, மெமரி, சிபியு என்று ஃபைல்கள் இருக்கும். கடந்த பத்து நொடியில் எத்தனை சதவீத நேரம் யாராவது இதற்காகக் காத்து நின்றார்கள் என்று நேரடியாகச் சொல்லும். சில டிஸ்ட்ரோக்களில் அணைத்து வைத்திருப்பார்கள், பூட் வரியில் பிஎஸ்ஐ=1 என்று சேர்த்தால் வரும். இன்றைக்கு நான் லோடு ஆவரேஜைவிட இதைத்தான் முதலில் பார்க்கிறேன். கூடவே டிமெசேஜில் ஐஓ எரர் இருக்கிறதா, டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையில் இடம் மாற்றப்பட்ட செக்டார் எண்ணிக்கை ஏறுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், ஏறினால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் பேக்கப்பை வேறு டிஸ்கில் எடுத்து வையுங்கள்.

டிஸ்க்தான் என்று உறுதியானால் இன்னொரு 16 ஜிபி ராமுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஓர் எஸ்எஸ்டி வாங்குங்கள். அதில் தலை நகர்வதும் சுற்றுவதும் இல்லை, 12 மில்லி நொடி என்பது சுமார் 0.1 மில்லி நொடிக்கு வரும், சென்னைப் பயணம் சுமார் 17 நிமிடத்தில் முடிகிற கணக்கு. இந்தச் சமயத்தில் யாராவது வந்து போஸ்ட்கிரெஸில் எஃப்சிங்கை அணைத்தால் இன்னும் வேகம் என்பார்கள். வேகம் வருவது உண்மை, எழுதியது டிஸ்கில் இறங்கிவிட்டதா என்று காத்திருக்காமல் அடுத்த பில்லுக்குப் போகும் அல்லவா. ஆனால் ஐப்பசி இடியில் நம் பக்கம் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று உங்களுக்குத் தெரியும், அணைத்து வைத்த நாளில் ஒரு தடவை பெட்டி பட்டென்று நின்றாலும் டேட்டாபேஸே திறக்காமல் போகலாம். அதைத் தொடாதீர்கள், யுபிஎஸ் பேட்டரிக்கு எத்தனை வயதாகிறது என்று பாருங்கள்.